தாய் சேய் நலம்: ஊரின் முதல் செலவு

(மேல்மலையனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அங்காளம்மன் குடிகொண்ட ஊரில் நின்று பேசுகிறேன். அமாவாசைக்கு அமாவாசை ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் பேருந்து பேருந்தாக மக்கள் வந்து இறங்கும் ஊர் இது. அந்தக் கூட்டத்தில் வருகிற பெண்கள் என்ன கேட்டு வருகிறார்கள்? பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். பிறந்த பிள்ளை நோய் நொடி இல்லாமல் வளர வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். பெரிய உயிர் வேறு, சின்ன உயிர் வேறு என்று பிரியாமல், இரண்டும் நல்லபடியாக வீடு திரும்ப வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். இந்த வேண்டுதல் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. நான் இன்று உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த வேண்டுதலுக்காக நம் ஊர் என்ன செலவு செய்கிறது?

ஆம், செலவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். தாய் சேய் நலம் என்றால் மருத்துவர் பேச வேண்டும், மருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். அந்த மருந்து ஒரு பெண்ணின் கைக்கு வந்து சேர யார் பணம் போடுகிறார்கள், எந்த நாளில் போடுகிறார்கள், யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. இன்று அதைப் பேசுவோம்.

முதலில் நாம் கடந்து வந்த தூரத்தைப் பார்ப்போம். 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போயின. பத்துப் பிள்ளை பெற்றால் ஒன்றாவது மண்ணுக்குப் போகும் என்பது அன்றைய கணக்கு. உங்கள் பாட்டிமார்களிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பிள்ளை பெற்றீர்கள் என்று கேட்டால் ஒரு எண் சொல்வார்கள்; எத்தனை பிள்ளை தங்கியது என்று கேட்டால் வேறு எண் சொல்வார்கள். அந்த 113 என்ற எண் 2020-இல் 13-ஆகக் குறைந்தது. அதே ஆண்டில் இந்தியாவின் சராசரி 28.

தாய்மார்களின் கணக்கும் அப்படித்தான். 2001 முதல் 2003 வரையிலான கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் அது 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 97. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன.

இது தானாக நடந்ததா? இல்லை. செலவு செய்து நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை முறை வைத்து நியமித்து, இரவு பகல் எந்நேரமும் பிரசவம் பார்க்க வழி செய்தார்கள். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. பெரிய அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்கும் சிகிச்சை தரும் சீமாங் மையங்கள் வந்தன; நள்ளிரவில்கூட அறுவை சிகிச்சைக்கு ஆள் இருக்கிறார்கள், இரத்தம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. எங்கே ஒரு தாய் இறந்தாலும், அந்தச் சாவை ஆராய்ந்து, எங்கே தாமதம் நேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் பழக்கத்தைத் தமிழ்நாடு இந்தியாவிலேயே முன்னால் நின்று ஏற்படுத்திக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தமிழ்நாட்டின் அனுபவத்தைத் தனி நூலாகவே வெளியிட்டது.

இதையெல்லாம் சொல்லிக் கைதட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த 54-இல் ஒன்று நம் தெருவில் நேர்ந்தால்? அந்த 13-இல் ஒன்று நம் வீட்டுத் தொட்டிலாக இருந்தால்? சராசரி குறைந்தது என்று அந்த வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்ல முடியுமா?

ஒரு தாய் ஏன் இறக்கிறாள்? இந்தத் துறையில் உழைத்தவர்கள் இதற்கு மூன்று தாமதங்களைச் சொல்கிறார்கள். முதல் தாமதம், ஆபத்து என்று உணர்ந்து, புறப்படலாம் என்று முடிவெடுப்பதில். இரண்டாம் தாமதம், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதில். மூன்றாம் தாமதம், போய்ச் சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த மூன்றுக்குள் இருக்கிறது.

ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பெயர் வேண்டாம். இந்த வட்டாரத்தில் வளத்தியிலோ அவலூர்பேட்டையிலோ எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய பெண். கல்யாணமாகி ஒரு வருஷம். மழை ஓய்ந்ததும் புருஷனோடு செங்கல் சூளைக்குப் போனாள். அங்கே நாள் தள்ளிப் போனது. சூளையில் யாரிடம் சொல்வாள்? சொந்த ஊருக்குத் திரும்பி வரும்போது நான்காம் மாதம் முடிந்துவிட்டது. பன்னிரண்டு வாரத்துக்குள் நர்சம்மாவிடம் பெயர் பதிந்து, கருவுற்றவருக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கியிருக்க வேண்டும். அது தவறிவிட்டது. ஆதாரில் முகவரி பிறந்த ஊரில் இருக்கிறது. வங்கிக் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. இருளர் குடியிருப்பாக இருந்தால் ஆதாருக்கே அலைய வேண்டும்.

இரத்தம் பரிசோதித்தார்கள். எட்டு புள்ளிதான் இருக்கிறது. பதினொன்று இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டால் குமட்டுகிறது, வெளிக்குக் கறுப்பாகப் போகிறது. அது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மாத்திரை கூரையில் செருகியபடியே இருக்கிறது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கண்ணாடி வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சோறு கட்டி, தாய் வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் தாய் வீடு இருப்பது வேறு ஒன்றியத்தில். இந்த ஊர் நர்சம்மாவுக்கு இவளைத் தெரியும். அந்த ஊர் நர்சம்மாவுக்கு இவளைத் தெரியாது. இரத்தக் குறைவு இருக்கிற பெண் வருகிறாள், கவனமாகப் பாருங்கள் என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எட்டாம் மாதம் தலை வலிக்கிறது. கண் மங்குகிறது. முகம் உப்பிவிட்டது. 'உடம்பு சூடு, வெந்தயம் ஊற வைத்துக் குடி' என்று வீட்டில் சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அது இரத்தக் கொதிப்பு. இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வருகிறது. அப்போதுதான் 108-க்கு அழைக்கிறார்கள். வண்டி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து செஞ்சி, அங்கிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வண்டிக்குக் காசு இல்லை, மருந்துக்குக் காசு இல்லை, ஆபரேஷனுக்குக் காசு இல்லை. உண்மை. ஆனால் கூடப் போகும் தாய்க்கும் தம்பிக்கும் பத்து நாள் சாப்பாடு? புருஷன் விட்ட கூலி? வீட்டில் இருக்கும் கிழவரை யார் பார்ப்பது? விடிவதற்குள் காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது.

இப்போது சொல்லுங்கள். மூன்று தாமதங்களில் இங்கே எது நேர்ந்தது? மூன்றாவது நேரவில்லை, அங்கே மருத்துவர் இருந்தார். இரண்டாவதும் பெரிதாக நேரவில்லை, வண்டி வந்தது. நேர்ந்தது முதல் தாமதம். அது ஒரு நாளில் நேர்ந்தது இல்லை. நான்காம் மாதத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ந்த தாமதம்.

இங்கேதான் பணத்தின் கதை வருகிறது. அரசின் பணம் எங்கே போயிருக்கிறது? பெரும்பகுதி மூன்றாம் தாமதத்தைக் குறைக்கப் போயிருக்கிறது. இன்னொரு பகுதி இரண்டாம் தாமதத்தைக் குறைக்கப் போயிருக்கிறது. போக வேண்டியதுதான், அதனால்தான் எண்கள் இறங்கின. ஆனால் முதல் தாமதம் எங்கே நேர்கிறது? வீட்டில். தெருவில். வயலில். சூளையில். ஊருக்குள் நேரும் தாமதத்தை ஊர்தான் குறைக்க முடியும். அதற்கான பணம் மிகக் குறைவு. அந்தச் சிறிய பணத்தைக் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.

பேறுகாலத்தில் ஏழைப் பெண்ணின் கையில் பணம் கொடுக்க வேண்டும் என்பதைத் தமிழ்நாடு நெடுநாள் முன்பே ஒப்புக்கொண்டது. அந்தத் திட்டம் யார் பெயரில் இருக்கிறது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலத்தில், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் இருந்தவர். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் விட்டுச் சென்ற செல்வம். அந்த அம்மையார் பெயரிலான மகப்பேறு நிதியுதவி, தொடக்கத்தில் சில நூறு ரூபாயாக இருந்தது. 2006-இல் 6,000 ஆனது. 2011-இல் 12,000 ஆனது. 2018 முதல் 18,000. அதில் 14,000 ரூபாய் பணமாகத் தவணை தவணையாக வருகிறது; 4,000 ரூபாய்க்கு நெய், பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மருந்து எல்லாம் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு முறை வருகிறது.

பெரிய உதவி. நன்றியோடு சொல்கிறேன், பெரிய உதவி. ஆனால் இந்தப் பணம் எதற்காக? கருவுற்ற பெண் கூலி வேலைக்கு ஓடாமல் வீட்டில் ஓய்வெடுக்க. முட்டையும் கீரையும் பாலும் வாங்கிச் சாப்பிட. அப்படியானால் அது எப்போது வர வேண்டும்? வயிற்றில் பிள்ளை வளரும்போது வர வேண்டும். பெயர் பதிவு தாமதம், ஆதார் தாமதம், வங்கிக் கணக்கில் ஒரு எழுத்துப் பிழை என்று தள்ளித் தள்ளி, பிள்ளை தவழும்போது வந்தால், அந்தப் பணம் கடனை அடைக்கும். இரத்தத்தை ஊற வைக்காது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தச் சோகை. கிட்டத்தட்ட இருவரில் ஒருவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டின் முன்வரிசையில் நிற்கிறோம். பிரசவத்துக்குப் போகிற உடம்பில் இரத்தம் இல்லை.

பணம் எவ்வளவு என்பதைவிட எந்த நாளில் வருகிறது என்பதே பெரிது. இதுதான் இன்றைய பேச்சில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய ஒரு வார்த்தை.

ஊர் இதைச் செய்ய முடியுமா? முடியும். செய்து காட்டியிருக்கிறார்கள்.

1980-இல் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒரு வேலை தொடங்கியது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று பெயர். உலக வங்கியின் கடன் பணம். ஆனால் வேலை நடந்தது ஊர்த் திண்ணையில். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மாதம் ஒருமுறை எடை போட்டார்கள். தராசில் பிள்ளை தொங்க, தாய் பக்கத்தில் நிற்க, அட்டையில் புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு கோடு போட்டுக் காட்டினார்கள். கோடு மேலே போனால் சந்தோஷம். கோடு படுத்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். எல்லாருக்கும் கொடுத்துப் பணத்தைக் கரைக்கவில்லை; வேண்டிய பிள்ளைக்கு, வேண்டிய மாதத்தில் கொடுத்தார்கள். பல இடங்களில் அந்தச் சத்துருண்டையைப் பிடித்ததே உள்ளூர் மாதர் குழுக்கள். கடும் ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட அந்தக் கோட்டைப் படித்தாள் என்பதுதான் அந்தத் திட்டத்தின் வெற்றி.

இன்னொன்று, நமக்குப் பக்கத்து மலையில் நடந்தது. தருமபுரி மாவட்டத்தில் சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கு. 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா என்ற இளம் தம்பதியர் அங்கே போனார்கள். மக்களோடு சேர்ந்து ஒரு குடிசை கட்டி, அதில் மருத்துவம் பார்த்தார்கள். அன்று அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? வெளியூரிலிருந்து பெரிய மருத்துவர்களைக் கூட்டி வந்தார்களா? இல்லை. அதே மலையில் பிறந்த பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செவிலியர் ஆக்கினார்கள். ஒவ்வோர் ஊரிலும் ஒரு மூத்த பெண்ணைச் சுகாதாரப் பணியாளராக ஆக்கினார்கள். கருவுற்ற பெண்ணை யார் பார்க்க வேண்டும், பிறந்த பிள்ளையை எந்த நாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். பள்ளத்தாக்கின் சிசு மரணம் பல மடங்கு குறைந்தது. நண்பர்கள் கொடுத்த பணமும், மக்கள் கொடுத்த சிறு தொகையும், மலைப் பெண்களின் உழைப்பும் சேர்ந்து அதைச் செய்தன.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஆதிவாசி மக்கள் 1990களிலேயே தங்களுக்குள் மருத்துவக் காப்பீடு ஏற்படுத்திக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் குடும்பமாகச் சிறு தொகை கட்டினார்கள். உடம்புக்கு முடியாமல் போனபோது அது கை கொடுத்தது. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் இருவரும் கிராமத்துப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார்கள். குழந்தையைக் குளிர் தாக்காமல் பொதிந்து வைப்பது, மூச்சை எண்ணிப் பார்ப்பது, சீழ்பிடித்தலை அடையாளம் காண்பது. சில ஆண்டுகளில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நேரும் சாவு நூற்றுக்கு 62 குறைந்தது. 1999-இல் உலகின் பெரிய மருத்துவ இதழ் ஒன்று அதை வெளியிட்டது. கடல் தாண்டினால் இலங்கை. அங்கே 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். கிராமத்துக்குக் கிராமம் மருத்துவ மாதுவை வைத்து, வீட்டுக்கே போய்ப் பார்க்கச் செய்தார்கள். ஏழை நாடாக இருந்தபோதே தாய்மார் சாவைக் குறைத்துக் காட்டினார்கள்.

இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது என்ன? கட்டடம் பெரிதில்லை. கருவி பெரிதில்லை. வீட்டு வாசலுக்கு வருகிற ஒரு பெண். அவளுக்கு ஒழுங்காகக் கிடைக்கிற ஊதியம். அவள் பேச்சைக் கேட்கிற ஊர்.

அன்பர்களே, இந்த வட்டாரத்துக்குக் கொடுக்கத் தெரியாதா? கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மண்டகப்படிக்கு உபயம், அன்னதானத்துக்கு உபயம், மின்விளக்குக்கு உபயம், குடிநீர்த் தொட்டிக்கு உபயம். கொடுக்கிற கை இங்கே குறைவில்லை. கூலிக்குப் போகிற பெண்ணும் முந்தானை முடிச்சை அவிழ்த்து உண்டியலில் போடுகிற மண் இது. அந்த மனம் இருக்கிறது. அதில் ஒரு பங்கு கருவுற்ற பெண்ணின் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் போகட்டும் என்றுதான் கேட்கிறேன். அங்கன்வாடிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள், நல்லதுதான். ஸ்கேன் எடுக்கப் போகும் பெண்ணுக்கு ஆட்டோ காசு கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. அதில் பெயர் எழுத இடம் இல்லை. அந்தப் பெயர் எழுதாத செலவைத்தான் ஊர் பொதுவில் ஏற்க வேண்டும்.

எவ்வளவு ஆகும்? கணக்குப் போடுவோம். மூன்றாயிரம் பேர் வாழும் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பிறப்பு விகிதப்படி அங்கே வருஷத்துக்குச் சுமார் 40 குழந்தை பிறக்கும். வாரத்தில் ஒருவர்கூட இல்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறு மாதம் தினம் ஒரு முட்டை. முட்டை ஆறு ரூபாய் என்றால் 1,080 ரூபாய். ஸ்கேனுக்கும் பெரிய மருத்துவமனைப் பரிசோதனைக்கும் மூன்று முறை போய்வர, ஒரு முறைக்கு 500 என்று 1,500 ரூபாய். இரண்டும் சேர்த்து 2,580. நாற்பது பேருக்கு 1,03,200 ரூபாய். ஊரில் 750 வீடு இருந்தால், வீட்டுக்கு மாதம் 12 ரூபாய்கூட வராது. ஒரு டீயின் விலை. நாற்பது பேருக்கும் இந்த உதவி தேவைப்படாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இதைச் செய்ய முடியாத ஊர் ஏதாவது உண்டா?

முழுவதையும் மக்கள் பையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஊர்தோறும் கிராம சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக்கான குழு ஒன்று இருக்க வேண்டும். தேசிய சுகாதார இயக்கத்திலிருந்து அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. மிக ஏழைக் குடும்பத்தின் மருத்துவத் தேவைக்கு அதிலிருந்து உதவலாம். நம் ஊர்க் குழு கடைசியாக எப்போது கூடியது? அந்தப் பணம் எதற்குச் செலவானது? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதினைந்தாவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாக அடிப்படைச் சுகாதாரத்துக்கென்று மட்டும் 70,051 கோடி ரூபாயை நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பணம் எங்கெங்கோ இருக்கிறது. கேட்கத் தெரிந்த ஊருக்கு வருகிறது. கேட்காத ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது.

கேட்பதற்கும் செலவிடுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நான் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பணம் பெண்கள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் மகளிர் குழு இருக்கிறது. வாரம் தவறாமல் சேமிப்பு எழுதுகிறார்கள், கடன் கொடுக்கிறார்கள், வசூலிக்கிறார்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களிடம் கொடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வந்து எடுத்துக் கொடுக்கக்கூடியவர் கையில் ஐயாயிரம் ரூபாய் எப்போதும் இருக்கட்டும். மறுநாள் காலையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பணம் மாதக் கணக்கில் ஓட வேண்டும். நாள் தள்ளிப் போன முதல் மாதமே ஒருத்தி போய் விசாரிக்க வேண்டும். பெயர் பதியக் கூட்டிப் போக வேண்டும். ஆதார், வங்கிக் கணக்கு என்று அலைவதற்கு ஒரு நாள் கூலியைக் குழு கொடுக்கட்டும். சூளைக்குப் போகும் பெண்ணின் பெயரைத் தனியாகக் குறித்து வைத்துப் போனில் பேசட்டும். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும்போது, அந்த ஊர் நர்சம்மாவின் எண்ணை வாங்கிச் சொல்லி அனுப்பட்டும். தாய் அட்டையும் மாத்திரையும் அவள் பையிலே போகட்டும். அரசே வட்டாரந்தோறும் சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. அந்தப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வளையல் போட்டுக்கொள்ளும்போது முகத்தில் வருகிற சிரிப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வளையல் போட்ட கையிலேயே இரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கட்டும்.

பிள்ளை பிறந்த பிறகு முதல் ஏழு நாளும் நாற்பத்திரண்டு நாளும் கண்ணை மூடக்கூடாது. சேனைத் தண்ணீர் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போகட்டும். அதுதான் பிள்ளைக்கு முதல் காப்பு. பெரியவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்தியம் என்று பெற்றவளைப் பட்டினி போடாதீர்கள். பால் ஊற வேண்டிய உடம்பு அது. எடை குறைந்து பிறந்த பிள்ளையைத் தாயின் மார்போடு மார்பாக அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் காசு வேண்டாம். போய்ச் சொல்ல ஒரு பெண் வேண்டும். அவளுக்கு ஊர் ஒரு சிறு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். தொண்டு என்று சொல்லிப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கும் வழக்கத்தை இனியாவது விடுவோம்.

மூன்றாவது, கணக்கு சபையில் படிக்கப்பட வேண்டும். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, எத்தனை பெண்கள், எத்தனை குழந்தைகள், எத்தனை பேருக்கு இரத்தம் ஏறியது என்று ஊர் கேட்க உரக்கப் படியுங்கள். பெண்ணின் பெயரும் நோயும் சபைக்கு வர வேண்டாம், எண்ணிக்கை வரட்டும். ஒரு குழந்தை இறந்தால், ஒரு தாய் இறந்தால், யார் மேல் பழி போடலாம் என்று தேடாமல், மூன்று தாமதங்களில் எது நேர்ந்தது என்று கேளுங்கள். அடுத்த பெண்ணுக்கு அந்தத் தாமதம் நேராதபடி அடுத்த மாதச் செலவை மாற்றுங்கள். அரசு மாநில அளவில் செய்து வெற்றி கண்ட வழி அது. ஊர் அளவில் நாம் செய்யக்கூடாதா?

ஒரு கேள்வி எழும். அரசு செய்ய வேண்டியதை ஊர் ஏன் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இடம் காலியாக இருந்தால் போராடிக் கேளுங்கள். தவணைப் பணம் நின்றால் மனு கொடுங்கள். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண்ணுக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியைச் சட்ட உரிமை ஆக்கியிருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுக்க நான் சொல்லவே மாட்டேன். ஆனால் தன் வீட்டுப் பெண்களின் கணக்கைத் தானே வைத்திருக்கும் ஊர்தான் அரசிடமும் உரக்கக் கேட்க முடியும். 'எங்கள் ஊரில் பதினோரு பெண்களுக்கு இரண்டாம் தவணை வரவில்லை, இதோ பட்டியல்' என்று நீட்டும் ஊருக்கு அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பக்கத்தில் செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. நமக்கெல்லாம் பெருமை. அந்த மதில்களைப் பார்க்க உலகம் வரும். ராஜகிரி மலைமேல் மன்னர்கள் தங்கள் உயிரைக் காக்க எத்தனை சுவர் எழுப்பினார்கள்! நம் ஊரில் ஒரு பெண்ணின் உயிரைக் காக்கக் கேட்பது மாதம் பன்னிரண்டு ரூபாயும் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் மனமும்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கிராம சபைக்குக் கூட்டமாகப் போங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள். மூன்று தீர்மானம் கொண்டு வாருங்கள். ஊரின் தாய் சேய் நிதியை மகளிர் குழுவிடம் ஒப்படைக்க ஒரு தீர்மானம். சுகாதாரக் குழு மாதந்தோறும் கூட ஒரு தீர்மானம். கணக்கை ஒவ்வொரு கிராம சபையிலும் படிக்க ஒரு தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகே எழுந்து வாருங்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் உங்கள் ஊரில் எத்தனை பெண்கள் கருவுற்றிருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இரத்தம் பதினொன்றைத் தாண்டியது என்று யார் கேட்டாலும் உங்களால் சொல்ல முடிய வேண்டும். அதைச் செய்யுங்கள்.